நாற்பது கிராம் நட்டு

மைதானத்துக்கு இந்த வருடம் ரப்பர் மேட் வந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் ஷூ போட்டுக்கொண்டு ஆடப் போகிறார்கள். எடை பார்க்க டிஜிட்டல் மிஷின் வாங்கியிருக்கிறார்கள். கிராம்வரை காட்டுமாம். போட்டி மலரில் போடுவதற்கு, பழைய ஆட்டக்காரன் என்று என்னுடைய சாதனைகளை எழுதித் தரச் சொன்னார்கள். சாதனை மட்டும் என்றால் கால் பக்கம் வரும், மீதி இடத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நடந்ததை எழுதுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். பிழை திருத்தியது என் மனைவி ஸ்டெல்லா. அவள் பத்தாவது படித்தவள். நான் ஐந்தாவது. கடன் வாங்கிக் கழித்தல் வந்த அன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். அந்தக் கழித்தல் என்னை விடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் சேசுராஜ். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கபடி அணியில் ஏழு வருடம் இடது கார்னராக ஆடினேன். அதே கம்பெனியில் துணிக் குடோனுக்கும் நான்தான் ஆள். காலை எட்டரை முதல் மூன்று மணிவரை குடோன். மூன்றுக்கு மேல் மைதானம்.

கபடி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழு பேர் நிற்போம். எதிரணியிலிருந்து ஒருவர் ‘கபடி கபடி’ என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு வருவார். எங்களில் யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்பினால் அவருக்குப் புள்ளி. பிடித்து நிறுத்தினால் எங்களுக்கு. பாட்டு நின்றாலும் அவர் அவுட். கார்னர் என்பவன் ஓரத்தில் குனிந்து நிற்பவன். வருகிறவரின் கணுக்காலைப் பிடிப்பது அவன் வேலை. பாடி வருகிறவரைத்தான் ஊர் பார்க்கும். போட்டோ எடுப்பவரும் அவரைத்தான் பார்ப்பார். என்னிடம் அந்தக் காலத்துப் போட்டோ ஆறு இருக்கிறது. நான்கில் என் முதுகு. ஒன்றில் முழங்கை. ஆறாவதைப் பற்றிப் பிறகு.

ஊர் தூத்துக்குடிப் பக்கம். மாதா கோவில் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். திருச்செந்தூர் முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு கார் எங்கள் திடல் ஓரம் நின்றது. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர் இறங்கி ஒரு மணி நேரம் வெயிலில் நின்று ஆட்டம் பார்த்தார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“ஏனுங்க தம்பி, இந்தக் கை துணி ரோலுத் தூக்குமுங்களா?”

“என்ன ரோலு?”

“இருவத்தஞ்சு கிலோ இருக்குமுங்க. உருண்டு வந்தாப் புடிக்கோணுமுங்க.”

தூக்கும் என்றேன். அணிக்கு என்னைத் தேர்வு செய்தது அத்துடன் முடிந்தது. அடுத்த வாரம் திருப்பூரில் இருந்தேன்.

அவர் பெயர் பொன்னுசாமி. பரம்பரையாகத் தறி நெய்த வீடு. எங்கள் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர், அணிக்கும் மேனேஜர். டெய்லர்கள் ஒரு பீஸ் தைக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பதற்கு ஒரு ஸ்டாப் வாட்ச் கழுத்தில் தொங்கும். மூன்று மணிக்கு மேல் அதே வாட்ச் எங்களுக்கு. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் மரியாதை கூடும். சின்னத் தப்புக்கு ஒரு ‘ங்க’. பெரிய தப்புக்கு இரண்டு மூன்று. ஒரு முறை எதிராளியின் காலை விட்டுவிட்டுத் தரையைப் பிடித்துக் கிடந்தேன். பக்கத்தில் வந்து குனிந்தார்.

“ஏனுங்க சேசு, அவருங்க போயி ரொம்ப நேரமாச்சுங்க. மண்ணை விட்டறலாமுங்க.”

நான்கு ‘ங்க’. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் எனக்குக் கொடுத்த பயிற்சி வேறு எங்கும் கிடையாது. லாரியிலிருந்து சரக்கு இறக்கும் பலகையைச் சாய்த்துப் போடுவார். மேலிருந்து துணி ரோலை உருட்டிவிடுவார்கள். கீழே ஒரு சாக்பீஸ் கோடு. ரோல் கோட்டைத் தாண்டும் முன் நான் இரண்டு கையாலும் அடியில் பிடித்து நிறுத்த வேண்டும். நெஞ்சால் தடுத்தால் கணக்கில் வராது. ஒரு நாளைக்கு நாற்பது ரோல். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நிற்பார். “துணி பொய் சொல்லாதுங்க. மனுசன் இடப்பக்கம் பாத்துட்டு வலப்பக்கம் போவானுங்க. துணி வர்ற வழியில வருமுங்க. மொதல்ல அதைப் புடிங்க.” ஆறு மாதத்தில் எல்லா ரோலையும் பிடித்தேன். மனிதர்கள் வழக்கம்போல் தப்பிப் போனார்கள். அவர்களைப் பிடிக்க இன்னும் ஒரு வருடம் ஆனது.

எங்கள் அணியின் ஜெர்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதாவது, அமெரிக்காவுக்குப் போகாமல் நின்றது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அந்த நாட்டுக் கால்பந்து ஆட்டக்காரர்களுக்குக் கம்பெனி தைத்த லாட் ஒன்று. நிறம் சரியில்லை என்று பையர் தள்ளிவிட்டார். அவர்கள் தோளுக்கு மேல் மெத்தை கட்டி ஆடுகிறவர்கள். மெத்தைக்கு இடம் விட்டுத் தைத்த சட்டை. எங்களுக்குத் தோள் முழங்கைக்கு வந்தது. எனக்கு எழுபத்து நான்காம் நம்பர். முதல் தடவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். “உள்ள ஆளு இருக்கா?” என்று ஸ்டெல்லா கேட்டாள்.

சாம்பிள் செக்‌ஷன் போர்டில் அந்த எழுபத்து நான்காம் நம்பர் சட்டை போட்ட அமெரிக்கக்காரர் போட்டோ குத்தியிருந்தார்கள். முகத்துக்கு முன்னால் கம்பிக் கூண்டு. ஆள் கதவு அகலம். வெளிநாட்டு ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் தம்பியிடம் கேட்டேன்.

“இவரு பந்தத் தூக்கிட்டு ஓடுவாரா?”

“இல்லண்ணே. இவரு லைன்ல நிப்பாரு. எதுக்க வர்றவனை மறிப்பாரு. பந்தைத் தொடவே மாட்டாரு.”

“யாராவது இவரப் பாப்பாங்களா?”

“இவரு மறிக்காம விட்டாப் பாப்பாங்க.”

அந்தப் போட்டோவின் மேல் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. எடை எவ்வளவு என்று கேட்டேன். நூற்று நாற்பது கிலோ இருக்கும், குறைந்தால் கோச் திட்டுவார், நிறையச் சாப்பிடச் சொல்வார் என்றான். ஒரே வேலை. அவரைத் தின்னச் சொல்கிறார்கள், என்னைப் பட்டினி கிடக்கச் சொல்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் போட்டிகள் எடை வைத்து நடப்பவை. நாங்கள் அறுபத்தைந்து கிலோப் பிரிவு. போட்டியன்று காலையில் தராசில் ஏற்றுவார்கள். அறுபத்தைந்துக்கு மேல் நூறு கிராம் இருந்தாலும் வெளியே போக வேண்டியதுதான். அதனால் போட்டிக்கு முந்தைய வாரம் கபடிக்காரன் வீட்டில் சோறு மிஞ்சும். கொதிக்கிற வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடுவோம். சிலர் அயர்ன் செக்‌ஷனில் ஆவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் குடிக்காமல், எச்சிலைத் துப்பித் துப்பிக் குறைப்பவர்களும் உண்டு.

இப்போது குடோனுக்கு வர வேண்டும். அங்கே ஒரு பழைய மேடைத் தராசு. கீழே பலகை, மேலே நீட்டுக் கம்பி, கம்பியில் நகர்த்தும் குண்டு. துணி பின்னும் நிட்டிங்கிலிருந்து வரும் ரோலை அதில் எடை போட்டு எழுத வேண்டும். ரோல் உருண்டு விழாமல் இருக்கப் பலகை மேல் ஓர் இரும்புச் சட்டம் வைத்திருப்போம். தொட்டில் என்போம். தொட்டில் எடை நான்கு கிலோ. ஒவ்வொரு ரோலுக்கும் வருகிற எடையில் நான்கைக் கழிக்க வேண்டும். இருபத்து மூன்று ஐந்நூறில் நான்கு போனால் எவ்வளவு என்று நான் கையை மடக்கிக்கொண்டு நிற்பேன். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடிப்பார். எழுதியதில் பாதி தப்பு.

வேலைக்குச் சேர்ந்த வருடமே அதற்கு ஒரு வழி செய்தேன். கம்பி நுனிக் கொக்கியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். பலகையில் நூறு பங்கு எடைக்குக் கம்பி நுனியில் ஒரு பங்கு போதும். தொட்டிலின் நான்கு கிலோவுக்கு அந்த நாற்பது கிராம் நட்டு சரியாக நின்றது. அப்புறம் கழிக்கவே வேண்டாம். தராசு காட்டுவதை அப்படியே எழுதலாம். எனக்கு என் மேலேயே மதிப்பு வந்தது. நட்டில் கிரீஸ் ஏறி, தூசி ஏறி, தராசோடு பிறந்தது போல ஆகிவிட்டது. பிறகு நான் அதை மறந்தேன்.

முப்பத்தேழு வயது வந்தது. மற்றவர்களுக்கு இடுப்பு பெருத்தது, எனக்குப் பெருக்கவில்லை. அந்த வருடம் வாரம் ஒரு தடவை தொட்டிலை இறக்கி வைத்துவிட்டுத் தராசில் ஏறி நிற்பேன். அறுபத்து நாலரை. ஆட்டிறைச்சி சாப்பிட்ட மறுநாளும் அறுபத்து நாலரை. அணியில் இளவட்டங்கள் பட்டினி கிடப்பார்கள். நான் அவர்கள் முன்னால் புரோட்டா தின்றுகொண்டு, “ஒடம்புன்னா கட்டுக்குள்ள இருக்கணும்லே” என்று சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஸ்டெல்லா மட்டும் நம்பவில்லை.

“பெல்ட்டு மூணாவது ஓட்டைக்கு வந்துட்டு. அறுபத்து நாலுன்னு சொல்லுதீய.”

“தராசு சொல்லுது.”

“அப்பம் தராசுக்குச் சோறு போடுங்க.”

அந்த வருடத்தின் முதல் போட்டி மே மாதம் எங்கள் கம்பெனி மைதானத்தில். அதுவரை வேறு தராசில் நான் ஏறவில்லை. நான்கு நாளுக்கு முன் பொன்னுசாமி குடோனுக்கு வந்தார். சும்மா வருகிறவர் இல்லை. ஒரு ரோலைத் தட்டிப் பார்த்தார். அணியில் பத்துப் பேருக்குத்தான் இடம்.

“மூலனூர்ல கதிர்வேல்னு ஒருத்தருங்க. முருங்கக்கா மண்டியில மூட்டை தூக்கறாருங்க. நல்லாப் பாடிப் போறாருங்க. நம்ம கம்பெனில வேலை போட்டுக் குடுத்து டீமுக்கு எடுத்துக்கலாம்னு மொதலாளி சொல்றாருங்க. எடம் இல்லீங்க.”

“என் இடமா சார்?”

“ஞாயித்துக்கெழம அவருங்க டீமும் வருதுங்க. அவரைப் புடிச்சு நிறுத்தீட்டீங்கன்னா, இன்னும் ரெண்டு வருசம் சேசு இருக்கட்டும்னு நானே பேசறனுங்க. விட்டுட்டீங்கன்னா, குடோன் இருக்குதுங்க.”

மூன்று மணிக்கு மேல் குடோனில் இருந்து எனக்குப் பழக்கமில்லை. பெல் அடித்ததும் எழுபத்து நான்காம் நம்பரை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து தைக்கிறவர்களைத் தாண்டி நடந்து போவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை விட மனம் இல்லை. சனிக்கிழமை ஸ்டெல்லாவிடம் கோழி எடுக்கச் சொன்னேன். உடம்பில் வலு வேண்டும். எடைதான் குறைவாக இருக்கிறதே.

ஞாயிறு காலை. வாடகைத் தராசு வரவில்லை. பொன்னுசாமி குடோன் தராசை எடுத்து வரச் சொன்னார். நான்தான் எடுத்து வந்தேன். தொட்டிலைக் கழற்றிக் குடோனிலேயே வைத்துவிட்டு, தராசை மட்டும் தள்ளுவண்டியில் ஏற்றினேன். அத்தனை பொறுப்பு.

நடுவர் குண்டை நகர்த்தி எடை சொன்னார். வந்தவர்கள் எல்லோருக்கும் எடை குறைவாகவே இருந்தது. சாமளாபுரம் அணியின் தறிக்காரர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். ஒருவரும் சந்தேகப்படவில்லை. எடையைக் குறைத்துக் காட்டும் தராசைச் சந்தேகப்பட்ட மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை. நான் ஏறினேன். அறுபத்து நாலே முக்கால். இறங்கினேன்.

கடைசியாக மூலனூர் அணி. கதிர்வேலை அப்போதுதான் பார்த்தேன். இருபத்து நான்கு வயது இருக்கும். உதடு வெடித்திருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. நான்கு நாளாகச் சோறு இல்லை, முந்தின நாள் முதல் தண்ணீரும் இல்லை என்று அவர் அணிக்காரர்கள் சொன்னார்கள். தராசில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அறுபதே முக்கால்” என்றார் நடுவர்.

கதிர்வேல் கண்ணைத் திறந்தார். “அறுபத்தி நாலா இருக்குமுங்க. நல்லாப் பாருங்க.”

“அறுபதே முக்காலுங்க. எறங்குங்க.”

“மண்டித் தராசுல நேத்து சாயங்காலம் அறுபத்தஞ்சு காட்டுச்சுங்களே?”

“அட எறங்கு மாப்ளே” என்று அவர் அணிக்காரர் ஒருவர் சிரித்தார். “ரெண்டு சொம்பு தண்ணி சேத்திக் குடிச்சிருக்கலாம். வீணாக் காஞ்சுட்டே.”

கதிர்வேல் சிரிக்கவில்லை. குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். குடித்ததை வாந்தி எடுத்தார். ஒரு வாழைப்பழம் தின்றார். முதல் ஆட்டத்துக்கு விசில் அடித்துவிட்டார்கள்.

அன்று அவர் மூன்று ஆட்டம் ஆடினார். மூன்றிலும் ஜெயித்தார்கள். நாங்களும் ஜெயித்தோம். மாலை நாலரைக்கு இறுதி ஆட்டம். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவர் பாடி வந்தால் பாட்டு வருவதற்கு முன் கால் வந்துவிடும். இரண்டு தடவை என்னைத் தொட்டுவிட்டுப் போனார். மூன்றாவது தடவை என் கையில் அவர் பாதத்து மண் மட்டும் மிஞ்சியது. கோட்டுக்கு வெளியே பொன்னுசாமி வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் பயம்.

கடைசி ஒரு நிமிடம். இரண்டு பக்கமும் சமம். கதிர்வேல் பாடி வந்தார். நேராக என் ஓரத்துக்கு வந்தார். எல்லோரையும் விட அவருக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். ‘கபடி கபடி’ என்ற சத்தம் மெலிந்தது. நின்றது. கண் மேலே போனது. முழங்கால் மடங்கியது. இவ்வளவையும் நான் பார்த்தேன். கூட்டத்தின் சத்தத்தில் நடுவருக்குக் கேட்டிருக்காது. பாட்டு நின்றதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். அதற்குப் பிறகுதான் குனிந்து அவர் கணுக்காலைப் பிடித்தேன். இரண்டு கையாலும், துணி ரோலைப் பிடிப்பதுபோல.

அவர் குப்புற விழுந்தார். நெற்றி தரையில் இடித்தது. நடுவர் விசில் அடித்துக் கையைத் தூக்கினார். கூட்டம் உள்ளே வந்துவிட்டது. என் அணிக்காரர்கள் நான்கு பேர் என்னைத் தோளில் தூக்கினார்கள். ஏழு வருடத்தில் முதல் தடவை. அதுதான் அந்த ஆறாவது போட்டோ. என் முகம் நன்றாக விழுந்திருக்கிறது. சிரிக்கிறேன். கீழே நான்கு பேர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதும் விழுந்திருக்கிறது.

“அண்ணே, அறுபத்தஞ்சு கிலோ மாதிரி இல்லையேண்ணே” என்றான் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு.

அன்று அந்த மைதானத்தில் சரியாக வேலை செய்த தராசு அவன் தோள் ஒன்றுதான்.

மேலே இருந்தபடி பார்த்தேன். கதிர்வேல் எழுந்திருக்கவில்லை. யாரோ முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். எழுந்திருக்கவில்லை. கம்பெனி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். என்னை இறக்கிவிடச் சொன்னேன். சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள், நெற்றியில் மூன்று தையல், பயமில்லை என்று பிறகு தகவல் வந்தது. பொன்னுசாமி என் கையைப் பிடித்து, “இருங்க சேசு, ரெண்டு வருசம் இருங்க” என்றார்.

திங்கள் காலை எட்டரைக்கு நிட்டிங் சரக்கு வந்தது. தராசில் தொட்டிலை வைத்தேன். கம்பி சமமாக நின்றது. எப்போதும் நிற்பதுதான். அன்று மட்டும் ஏன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று தெரியவில்லை. தொட்டில் இருக்கும்போது சமம் என்றால், தொட்டில் இல்லாமல் மனிதன் ஏறினால்? கை தானாகக் கொக்கிக்குப் போனது. கிரீஸைத் துடைத்தேன். நட்டு இருந்தது.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று விட்டேன். தொட்டிலை இறக்கினேன். நட்டை அவிழ்த்தேன். கதவைச் சாத்திவிட்டு ஏறி நின்றேன். குண்டை நானே நகர்த்தினேன். அறுபத்தெட்டைத் தாண்டித்தான் கம்பி சமமானது. கோழி செரித்த பிறகு.

எனக்குக் கழித்தல்தான் வராது. இது கூட்டல். கதிர்வேலின் அறுபதே முக்காலோடு நான்கைக் கூட்டினேன். அறுபத்து நாலே முக்கால். சொக்க எடை. பட்டினி கிடந்து, காய்ந்து, சரியான எடைக்கு வந்திருக்கிறார். நட்டு எல்லோருக்கும் நான்கு கிலோ குறைத்தது. அது தேவைப்பட்டது எனக்கு மட்டும். சரியான தராசாக இருந்திருந்தால் காலையிலேயே என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டியிருப்பேன்.

நட்டைச் சட்டைப் பையில் போட்டேன். அப்படியே சாக்கடையில் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. சாக்கடைவரை நடந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

மேஜை மேல் முந்தின நாள் ஜெயித்த கோப்பை இருந்தது. பக்கத்தில் நட்டை வைத்தேன். சொன்னேன். எனக்கு நிறையப் பேச வராது. நான்கு வாக்கியத்தில் முடிந்தது. பொன்னுசாமி நட்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். எழுந்தார். குடோனுக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். தராசைக் காட்டினார்.

“ஏறு.”

ஏழு வருடத்தில் அவர் என்னிடம் ‘ங்க’ போடாமல் பேசிய ஒரே சொல் அது. நான்கு ‘ங்க’ எவ்வளவோ மேல்.

ஏறினேன். பார்த்தார். நெற்றித் திருநீறு உதிர்கிற மாதிரி முகத்தைத் துடைத்தார். “கோப்பையை எடுத்துட்டு வாங்க. மூலனூர் போகோணுமுங்க” என்றார். ‘ங்க’ திரும்பி வந்ததில் எனக்குக் கண் கலங்கியது.

மறுநாள் பஸ்ஸில் போனோம். கோப்பை என் மடியில். பெரிய கோப்பை. பக்கத்துச் சீட்டு அம்மா, “என்ன வெளையாட்டுங்க ஜெயிச்சீங்க?” என்று கேட்டார். பொன்னுசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “கபடிங்க” என்றேன். “உங்களைப் பாத்தா அப்படித் தெரியலீங்களே” என்றார் அந்த அம்மா. பஸ்ஸிலும் தராசு இருந்தது.

முருங்கைக்காய் மண்டியில் கதிர்வேல் கட்டுகளின் மேல் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். பொன்னுசாமி உட்காரச் சொல்லிவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினார்.

“தப்பு எங்க பக்கமுங்க. தராசு தப்புங்க. கோப்பை உங்களுதுங்க.”

நான் நட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கதிர்வேல் நட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு மண்டித் தராசைக் காட்டினார்.

“ஏறுங்கண்ணா.”

முருங்கைக்காய் வியாபாரிகள் சுற்றி நின்றார்கள். ஏறினேன். எடை போடுகிறவர் சரக்குக்குச் சொல்வதுபோல ராகம் போட்டுச் சொன்னார்: “அறுபத்தெட்டு நானூறூ.” மண்டியே சிரித்தது. ஒருவர், “முத்தலா இருக்குதுங்க, வேண்டாம்” என்றார்.

கதிர்வேலும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

“என்ர பாட்டு நின்னது உங்களுக்குக் கேட்டுச்சுங்களாண்ணா?”

இதை அவர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. பொன்னுசாமியிடம்கூட இதைச் சொல்லியிருக்கவில்லை.

“கேட்டுது.”

“அப்பறம் ஏனுங்க காலைப் புடிச்சீங்க? பாட்டு நின்னாலே நான் அவுட்டுங்களே.”

பழக்கம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது.

“நான் பிடிச்சேன்னு எல்லாரும் பாக்கணும்னுதான். பிடிச்சாத்தான் என் இடம் நிக்கும்.”

நெற்றியைத் தொட்டுக்கொண்டார். “தோளைப் புடிச்சிருந்தீங்கன்னா தையல் மிச்சமுங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். பிறகு சொம்பை நீட்டினார். “மோர் குடிக்கறீங்களா? வேண்டாமுங்க, எடை கூடீரும்.”

பொன்னுசாமி தொண்டையைச் செருமினார். கம்பெனிக்கு வருகிறீர்களா என்று கதிர்வேலிடம் கேட்டார்.

“எடமில்லீன்னு சொன்னாங்களே?”

“இருக்கு” என்றேன். பொன்னுசாமி வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டேன். என் விளையாட்டு வாழ்க்கையில் நான் வேகமாகச் செய்தது அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் கதிர்வேல் வந்தார். எழுபத்து நான்காம் நம்பர் சட்டையைத் துவைத்து மடித்துக் கொடுத்தேன். அவருக்கும் தோள் முழங்கைக்கு வந்தது. அவர் ஒன்பது வருடம் ஆடினார். இப்போது அணிக்கு அவர்தான் கோச். அவரைப் பற்றி மலரில் வேறு பக்கம் இருக்கும். போட்டோவில் முகமும் இருக்கும்.

நான் வேலையை விடும்வரை குடோனில் இருந்தேன். முதல் சில மாதம் மூன்று மணி பெல் அடித்தால் கால் தானாக எழுந்து நிற்கும். உட்காரவைத்தேன். நட்டைத் திரும்பக் கட்டவில்லை. நான்கைக் கழிக்க ஸ்டெல்லா சொல்லிக் கொடுத்தாள். இரண்டு நாளில் வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது.

அந்த வருடத்திலிருந்து எங்கள் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. எடை பார்ப்பதற்கு முன்னால் தராசைச் சோதிக்க வேண்டும். முத்திரை போட்ட எடைக்கல் வைத்துப் பார்ப்பார்கள். அது முடிந்ததும் கதிர்வேல் மைக்கை வாங்கிக்கொள்வார். “மொதல்ல நம்ம சேசண்ணன் ஏறுவாருங்க” என்பார். எல்லா அணிக்காரர்களும் தராசைச் சுற்றி வந்துவிடுவார்கள். நான் ஏறுவேன். எடையை மைக்கில் சொல்வார். போன வருடம் எழுபத்தொன்பது. சொல்லிவிட்டு, “நட்டு இல்லாமயுங்க” என்று சேர்த்துக்கொள்வார். மைதானம் முழுக்கச் சிரிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை மைக்கில் என் பெயர் வருகிறது. குறை இல்லை.

ஏறுவதில் சிரமம் இல்லை. இறங்கும்போதுதான் இடது முழங்கால் மடங்காது. கதிர்வேல் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வருவார். என் தோளைப் பிடித்து இறக்கிவிடுவார்.